முதலில் ஒரு விலாசம்

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வகுப்பில் கொடுத்த தகவல் படிவத்தில் ஒரு பிள்ளை விலாசம் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் தந்திருக்கிறாள். விசாரித்தால், தகப்பன் மேசன் வேலைக்குப் போன இடத்தில் கட்டடச் சாரத்தின் கயிறு அறுந்து விழுந்து இடுப்பு உடைந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வாடகை ஐந்து மாதம் நிலுவை. மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு காலையில் வீட்டுக்காரர் சாமான்களைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டார். இப்போது தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், அம்மம்மா என்று ஆறு பேரும் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சொந்தக்காரரின் வளவில், பின்தாழ்வாரத்தில் தறப்பாள் கட்டி இருக்கிறார்கள். தாய் அந்தியில் விளக்கு வைத்து "அம்மாள் கைவிட மாட்டா" என்று சொல்கிறாள்.

எங்கே போய் யாரைப் பார்ப்பது, படம் எடுத்து முகநூலில் போட்டுக் காசு சேர்க்கலாமா, அந்த நம்பிக்கையே அவர்களை முடக்கிப் போடுகிறதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 27 வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தவன் நான். சுனாமியையும் 2006, 2007 இடப்பெயர்வையும் 2011 வெள்ளத்தையும் அந்த வேலையில் இருந்தபடியே பார்த்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் வீடில்லாதவர்களை யாரும் தெருவில் பார்ப்பதில்லை. கொழும்பில் போல ரயில் நிலையத்தில் படுக்க மாட்டார்கள். மாமி வீட்டுத் திண்ணை, பெரியம்மா வளவு, கடற்கரை வாடி, கோயில் மண்டபம் என்று எங்கேயோ ஒட்டிக்கொள்வார்கள். அதனால் அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. 'சொந்தக்காரரோடு இருக்கிறார்கள்' என்று ஊர் சொல்லிவிடும், கந்தோரும் அப்படியே எழுதிவிடும். கூரை போவதற்கு முன்பே அவர்களுடைய விலாசம் போய்விடுகிறது. அந்தப் பிள்ளை வெறுமையாக விட்ட கோட்டில் இருப்பது அதுதான்.

நான் செய்த ஒரு பிழையைச் சொன்னால் விளங்கும். சேவைக்கு வந்த புதிதில் ஒரு தாய் என்னிடம் வந்தா. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்து தங்கச்சி வீட்டுத் திண்ணையில் இருக்கிறோம், ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டா. அவவுடைய பதிவு பழைய பிரிவில்தானே இருக்கிறது, அங்கே போய் வாங்குங்கள் என்று அனுப்பினேன். அங்கிருந்தவர், நீங்கள் இப்போது இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டு கந்தோருக்கும் நடுவில் அந்தக் குடும்பம் நான்கு மாதம் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் கிடந்தது. மழை தொடங்கி, நிவாரண அரிசி பிரிக்கும்போது அவவுடைய பெயரைத் தேடினேன், இல்லை. அன்றைக்குப் பிறகு, இன்றிரவு எங்கே படுக்கிறார்களோ அதுதான் அவர்கள் பிரிவு என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே நீங்கள் செய்யும் முதல் வேலை, அந்தத் தாயோடு கூடப் போய், இப்போது இருக்கும் வளவின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தைப் பதிவது. கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். டீச்சர் ஒருத்தர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தால் பேசும் தொனியே மாறும். அது சரியல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த மாதம் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அந்தத் தொனி மாற்றம். வளவுக்காரரிடம் 'எங்கள் வளவில்தான் இருக்கிறார்கள்' என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பதிந்தால் காணியில் பங்கு கேட்பார்களோ என்று அவர் பயப்படக்கூடும். பதிவு காணி உரிமை ஆகாது என்று ஆறுதலாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் இணங்குவார்.

அப்புறம் அடுப்பு. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஒரே வளவில் இரண்டு குடும்பம் இருந்தால், கணக்கெடுக்க வருகிறவர் எல்லாரையும் ஒரே வீட்டாராகச் சேர்த்துவிடுவார். வளவுக்காரருக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் கல்வீடும் இருந்தால் அந்தக் கணக்கில் இவர்களும் வசதியானவர்கள் ஆகிவிடுவார்கள். தனி உலை வைக்கிறோம், தனிக் குடும்பம் என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுக்கு இது முக்கியம். அது 2023இல் சமுர்த்தி உதவிக்குப் பதிலாக வந்தது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். அதை வைத்து வீடு கட்ட முடியாது. ஆனால் ஆறு பேர் இருக்கும் அடுப்பில் அரிசி கொதிக்கும். முன்பு விண்ணப்பித்துப் பெயர் வராமல் போயிருந்தால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. தகப்பனின் வைத்திய அறிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு அவர் தகுதியா என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அன்றைக்கே கேட்டுவிடலாம்.

வீட்டுக்காரர் செய்ததைப் பற்றி. வாடகை நிலுவையாக இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பவரின் சாமானைத் தூக்கி வெளியே போட ஒருவருக்கும் உரிமை இல்லை. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. மூன்று கிழமை போய்விட்டது, நாளை எண்ணிக்கொள்ளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் இருக்கின்றன. வசதியில்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பார்கள். அவர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்பாமல் இருக்கலாம். ஆனாலும் சட்டம் தங்கள் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் நிலுவையைத் தவணையாகக் கட்டப் பேசலாம், முற்றத்தில் நனைந்துபோன அலுமாரிக்கும் மெத்தைக்கும் நியாயம் கேட்கலாம். வழக்கு வேண்டாம் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

இனிக் காணி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து உதவ வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நம் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொது வழக்கம். மகள் கல்யாணம் முடித்தால் தாயின் வீடு அவளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் வந்து சேருவார். நானும் கல்யாணம் முடித்துத் திருக்கோவிலில் மனைவி வீட்டுக்குப் போனவன்தான். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் இளையவளோடு அதே வளவில் ஒரு கொட்டிலுக்கு இறங்குவார்கள், மறுகா அந்தக் கொட்டிலைக் கல்வீடாக்கி இளையவளுக்குக் கொடுப்பார்கள். இப்படி ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்று கட்டிக் கட்டியே ஒரு தகப்பனின் ஆயுசு முடியும். இந்தச் சங்கிலி எங்கேயாவது அறுந்தால், கடைசி மகள் வாடகை வீட்டில்தான் வாழ்க்கை தொடங்குவாள். உங்கள் பிள்ளையின் தாய் எத்தனையாவது மகள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவதோ நான்காவதோ என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். அம்மம்மா இவர்களோடு இருப்பதும் அதனால்தான். தன் வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்தவ, இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லையே என்ற கவலையோடு அந்தத் தாழ்வாரத்தில் இருப்பா. அவவிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுங்கள்.

அதனால் இங்கே வீடு போவது ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. பன்னிரண்டு வயது மகள் இருக்கும் வீட்டில் அது அவளுடைய வருங்காலத்தையும் கொண்டுபோகிறது. அந்தத் தாய் இரவில் நித்திரை கொள்ளாமல் யோசிப்பது மழையைப் பற்றி மட்டுமாக இருக்காது.

வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் காணி உள்ளவருக்கே வரும். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாகக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அத்திவாரம் வெட்ட ஒரு துண்டு நிலம் காட்ட முடியாதவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். சுனாமியிலும் அதே கதைதான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள், நாட்டிலேயே ஆகக் கூடுதலான இழப்பு அங்கேதான். கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று கோடு கிழித்தபோது, காசு கையில் இருந்தும் நிலம் இல்லாமல் கூடாரத்தில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள் கட்டி, வழக்கில் சிக்கி, குடியேற ஆளில்லாமல் பற்றை வளர்ந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எனவே பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம், காணியற்றவர் என்று ஒரு விண்ணப்பம் இப்போதே கொடுத்து வையுங்கள். வருடக்கணக்கில் போகலாம், ஆனாலும் கொடுத்த திகதி முக்கியம். பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. யாராவது இரக்கப்பட்டுக் காசு சேர்த்துத் தந்தால், அவசரத்தில் 'பேமிட்' காணியை வெறும் கடதாசியில் எழுதி வாங்கிவிடக் கூடாது. அரச உத்தரவுப் பத்திரக் காணியை அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. விற்றவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எது கிடைத்தாலும் தாயின் பெயரும் அதில் இருக்கட்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசுரிமை ஆண் பிள்ளைக்கே முதலில் என்று இருந்ததை 2022இல்தான் திருத்தினார்கள். பெண்வழி வீடு வைத்திருந்த நம் ஊருக்கு அது எவ்வளவு பொருந்தாத சட்டமாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

கடனைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எட்டு மாதம் உழைப்பில்லாத வீட்டில் கடன் இல்லாமல் இருக்காது. கிழமைக் கிழமை வசூலுக்கு வரும் லோன், அடகில் நகை, கழுத்தளவு சீட்டு. இதெல்லாம் பொம்பளைகள் பெயரில்தான் இருக்கும், பல நேரம் புருசனுக்கே முழுக் கணக்கும் தெரியாது. ஒரு கொப்பி எடுத்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று அவவைக் கொண்டே எழுதுவியுங்கள். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுப்பதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் நுண்கடனில் 100,000 ரூபாய் வரை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததென்றால், இந்தச் சுமை எவ்வளவு பெரிதாகியிருந்தது என்று யோசியுங்கள். அந்தப் பட்டியலில் மட்டக்களப்பு, அம்பாறை என்று நம் இரண்டு மாவட்டமும் இருந்தன.

யாராவது அந்தத் தாயிடம், பிள்ளைகளை ஒரு இல்லத்தில் விட்டுவிட்டு நீ கட்டாருக்குப் போ, இரண்டு வருடத்தில் வீடு கட்டலாம் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். நான் போன இல்லங்களில் பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். சோறும் படிப்பும் கிடைக்கும் என்றுதான் விட்டார்கள். கவனித்துப் பார்க்கும் நல்ல இல்லங்கள் இருக்கின்றன, நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வறுமைக்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தாழ்வாரத்தில் ஆறு பேர் நெருங்கிப் படுத்தாலும் அது ஒரு குடும்பம். தகப்பன் எழும்பி நடக்கும்வரை அதைச் சேர்த்து வைத்திருக்க ஊர் தோள் கொடுக்க வேண்டும். பிள்ளை பாடசாலைக்கு வருவது நிற்காமல் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

படம் எடுப்பதற்கு என் பதில், வேண்டாம். அந்தப் பிள்ளை இன்னும் ஆறு வருடம் இதே வீதியால் பாடசாலைக்குப் போக வேண்டும். தறப்பாளுக்கு முன்னால் நின்ற படம் அவளுக்கு முன்னாலேயே போய்விடும். கலியாணம் பேசும் நாளிலும் அதை ஒருத்தர் கைபேசியில் எடுத்துக் காட்டுவார். காசு சேர்க்க வேண்டுமென்றால் பெயரும் படமும் இல்லாமல், உங்களை நம்புகிறவர்களிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் உங்கள் வார்த்தைக்கே தருவார்கள். செலவுக் கணக்கைத் தாயின் கையெழுத்தோடு அவர்களுக்கு அனுப்பினால் போதும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அந்தத் தாயின் நம்பிக்கை அவளை முடக்குகிறதா?

2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரையில் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். மண்வீடு கரைந்துபோய், வாய்க்கால் வரம்பில் நாலு தகரத்தைச் சாய்த்து இருந்தார்கள். அந்த அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினா. "தம்பி, சீனி கொஞ்சம்தான் கிடக்கு, கையில தாறன்" என்று ஒரு கரண்டிச் சீனியை என் உள்ளங்கையில் வைத்தா. தகரத்துக்குள் ஒரு செங்கல்லில் சாம்பல் பூசி, சின்ன விளக்கு. அதற்குக் கீழே மூடி இறுக்கிய பால்மா டின். திறந்து காட்டினா. பிறப்புச் சான்றிதழ் நாலு, அடையாள அட்டை இரண்டு, கல்யாணப் பதிவு, பேமிட், எல்லாம் பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். வெள்ளம் வருகிறது என்றதும் அவ முதலில் தூக்கியது அந்த டின்னைத்தான். அம்மாள் காப்பாற்றுவா என்று டின்னைத் தண்ணிக்கு விடவில்லை, அம்மாள் காப்பாற்றுவா என்றுதான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் நடந்திருக்கிறா. நான் திரும்பி வரும்போது, எனக்கு முன்னால் வாங்கிய நிவாரண அரிசியில் இரண்டு சுண்டு அளந்து பக்கத்துக் கொட்டில் கிழவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தா. அந்தக் கிழவிக்குப் பட்டியலில் பெயர் இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெயரை எழுதினேன்.

உங்கள் பக்கத்துச் செட்டிபாளையத்திலும் கண்ணகி அம்மன் இருக்கிறா. நம் பகுதியில் பல கண்ணகி கோயில்களுக்கு வருடத்தில் ஒரு தரம் வைகாசியில்தான் கதவு திறக்கும். புருசனையும் வீட்டையும் இழந்து, நியாயம் கேட்டு அரண்மனை வாசலில் நின்ற ஒரு பெண்ணைத்தான் நாங்கள் அம்மாள் என்று கும்பிடுகிறோம். அவ சூடு ஆறட்டும் என்றுதான் குளிர்த்தி பாடுகிறோம். வீடிழந்த ஒரு தாய் அவவிடம் போய் அழுவதில் என்ன முடக்கம் இருக்கிறது? தன் கஷ்டம் தெரிந்தவளிடம்தானே போகிறாள். அந்த விளக்கை யாரும் அணைக்கச் சொல்ல வேண்டாம். 'இது உன் கர்மா, போன பிறப்பில் செய்தது' என்று யாராவது சொன்னால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். சாரத்தின் கயிறு அறுந்ததற்கு முற்பிறப்பு காரணமில்லை. வேலை கொடுத்தவர் நல்ல கயிறு கட்டவில்லை, அவ்வளவுதான். அந்த விபத்துக்கு நட்டஈடு கேட்கலாமா என்பதையும் சட்ட உதவியில் விசாரியுங்கள்.

ஊர் இரக்கமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வழியாக உகந்தைக்குப் போவதை என் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்குப் பாய் விரித்து, சோறு போட்டு, கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறோம். ஒரு இரவு விருந்தினருக்குச் செய்வது நமக்கு எளிது. ஆறு மாதம் இருக்கப் போகிறவர்களுக்குச் செய்வதுதான் கஷ்டம். மூன்றாவது மாதம் கிணற்றடியில் முகம் சுளிப்பு தொடங்கும், பிள்ளைகளின் சத்தம் பெரிதாகக் கேட்கும். அந்த வளவுக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுத் தண்ணீர் பில்லுக்கு உங்கள் சேகரிப்பிலிருந்து ஒரு பங்கு கொடுத்தால், அந்தத் தாழ்வாரம் இன்னும் சில மாதம் தாங்கும். ஒரு தனிக் கக்கூசு போட முடிந்தால் அதை எல்லாவற்றுக்கும் முதல் செய்யுங்கள். வளர்ந்துவரும் பெண்பிள்ளை இருக்கிற இடம். ஐப்பசி பிறப்பதற்குள் தறப்பாளுக்குப் பதில் தகரமும், தரைக்கு அரையடி மண் உயர்த்தலும் வேண்டும். இதற்குக் கோயில் பரிபாலன சபையிடம் கேளுங்கள், பள்ளிவாசலிலும் கேட்கலாம். என் பிரிவில் ஒரு தமிழ்க் குடும்பம் இப்படி இருந்தபோது, காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் பத்துத் தகரம் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆணிக்கும் காசு வாங்கவில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்றார், இன்றைக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்தப் படிவத்தை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுங்கள், வகுப்புக்கு முன்னால் அல்ல, இடைவேளையில். விலாசத்துக்கு நேரே 'மே/பா' (மேற்பார்வை) என்று போட்டு, அந்த வளவுக்காரரின் பெயரையும் வீதியையும் எழுதச் சொல்லுங்கள். அவள் தன் கையாலேயே எழுதட்டும். அதில் ஒரு பிரதி எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது அதையும் காட்ட வேண்டும்.